டீச்சர் அழுத நான்கு மாதங்கள்

ஏழு வருடம் பழகிய நெட்டையன் டீச்சரைக் கைகழுவியது ஒரு வியாழக்கிழமை காலை எட்டேகால் மணிக்கு, பெரிய நாற்சந்தியின் சிவப்பு விளக்கில். டீச்சர் என்றால் பள்ளிக்கூடத்து டீச்சர் அல்ல. பதினோரு வருடமாக டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித் தருகிறவள். ஊரில் பாதிப் பேர் அவளைத் தெருவில் பார்த்தால் இன்றைக்கும் தானாகவே முதுகை நிமிர்த்திக்கொள்வார்கள். நெட்டையன் லிப்ட் பழுதுபார்ப்பவன். ஆறடி நான்கு அங்குலம். எந்த வாசலுக்குள் நுழைந்தாலும் ஒரு முறை தலையில் இடித்துக்கொண்டுதான் நுழைவான்.

அன்றைக்கு வழக்கம்போல அவனை வேலைக்குக் கொண்டுபோய் விடுகிற வழியில், சிக்னலில் நாற்பது வினாடி என்று எண் விழுந்தது. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"நிதானமா யோசிச்சுப் பார்த்தேன். நமக்குள்ள சரிப்பட்டு வராதுன்னு தோணுது."

"என்னது சரிப்பட்டு வராது?"

"எல்லாமும்தான். நிதானமா இன்னொரு நாள் பேசுவோம். நான் இங்கேயே இறங்கிக்கறேன், பக்கம்தான்."

கதவைத் திறந்தான், மேலே இடித்துக்கொண்டான், இறங்கினான், போனான். எண் பூஜ்யத்துக்கு வந்து பச்சை விழுந்தது. பின்னால் இருந்தவர்கள் ஹாரனை அழுத்திப் பிடித்தார்கள். டீச்சர் கண்ணாடியைப் பார்த்தாள், இண்டிகேட்டர் போட்டாள், கிளட்சை மெதுவாக விட்டாள், நாற்சந்தியைத் தாண்டினாள். தேர்வு அதிகாரி பக்கத்தில் இருந்திருந்தால் முழு மார்க் கொடுத்திருப்பார். இரண்டு வீட்டிலும் பேசி முடித்தாயிற்று, குடிபோக வீடு பார்த்தாயிற்று, அந்த வீட்டுக்கென்று இரட்டைக் கதவு வைத்த பிரிட்ஜ்கூட வாங்கியாயிற்று என்பதெல்லாம் அதற்கப்புறம்தான் ஒவ்வொன்றாக மண்டையில் உறைத்தது.

இருபது நிமிடத்தில் அவளுக்கு முதல் வகுப்பு. கற்றுக்கொள்ள வந்தவர் ரொட்டிக்கடைக்காரர். ஐம்பத்தெட்டு வயதில் கடைக்கென்று ஒரு வேன் வாங்கிவிட்டு, அதை ஓட்டத் தெரியாமல் விழித்துக்கொண்டிருந்த மனிதர். ரவுண்டானாவில் போகிற வண்டியையெல்லாம் முறைத்துக்கொண்டே உள்ளே நுழைந்தவர், தற்செயலாகப் பக்கத்தில் திரும்பினார். டீச்சரின் கன்னத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. விம்மல் இல்லை, விசும்பல் இல்லை, மூக்கை உறிஞ்சுவதுகூட இல்லை. வாஷர் போன குழாய் மாதிரி அதுபாட்டுக்கு வழிந்தது. குரல் மட்டும் என்றும்போல் இருந்தது.

"ரோட்டைப் பாருங்க. ரெண்டாவது கியர். இப்ப இண்டிகேட்டர்."

ரொட்டிக்கடைக்காரர் சட்டென்று வேகத்தைக் குறைத்தார். ஒரு பெண்பிள்ளையை அழவைக்கும் அளவுக்கா நாம் ஓட்டுகிறோம்? அந்த நிமிடத்திலிருந்து, மடியில் தூங்குகிற குழந்தையை வைத்துக்கொண்டு போகிறவர் மாதிரி ஓட்டினார். குறுக்கே வந்த ஒரு நாய்க்கு வழிவிட்டு, அது போய் எதிர்ப்பக்கம் படுக்கும்வரை காத்திருந்தார்.

டீச்சருக்கே இது புரியவில்லை. அப்பா போனபோதுகூட எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டு நின்றவள் அவள். இப்போதும் வீட்டில் ஒரு சொட்டு வரவில்லை. படுக்கையில் வரவில்லை, குளியலறையில் வரவில்லை. வீட்டுக் கூடத்தில் இடத்தை அடைத்துக்கொண்டு நின்ற அந்தப் புது பிரிட்ஜைப் பார்த்தும் வரவில்லை. காரில் ஏறி, ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டிக் 'கிளிக்' என்று சத்தம் கேட்டதும் வரத் தொடங்கிவிடும். வகுப்பு முடிந்து இறங்கினால் நின்றுவிடும்.

அவளுடைய அம்மா இந்த விஷயத்தை வேறு விதமாகக் கையாண்டாள். அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம், "அவளுக்குக் கண்ணுல அலர்ஜி" என்றாள். மகளிடம், "அவன் போனா போறான், பிரிட்ஜ் நம்மகிட்ட இருக்கு" என்றாள். சமையலறையில் அதற்கு இடமில்லை, பழைய பிரிட்ஜும் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே புது பிரிட்ஜை மின்சாரம் கொடுக்காமலே துணி அலமாரியாக்கிக்கொண்டாள். மேல் தட்டில் துண்டுகள், நடுத்தட்டில் புடவைகள், காய்கறிப் பெட்டியில் காலுறைகள். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது டீச்சர் பிரிட்ஜைத் திறந்துதான் துப்பட்டா எடுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது.

ஒரு மாதம் போயிற்று. டிரைவிங் ஸ்கூல் முதலாளி ஒரு நாள் லைசென்ஸ் ஆபீஸிலிருந்து வந்த முடிவுகளை விரித்து வைத்துக்கொண்டு கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்ந்தவர். தொண்டை கிழியக் கத்தினால்தான் ஓட்டக் கற்றுக்கொள்வார்கள் என்பது அவருடைய தீர்மானம். அவருடைய பள்ளியில் பத்துப் பேர் தேர்வுக்குப் போனால் நான்கு பேர் முதல் தடவையிலேயே தேறுவார்கள், ஐந்து பேர் தேறினால் அவர் எல்லோருக்கும் டீ வாங்கித் தருவார். இப்போது டீச்சரிடம் படித்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் தேறியிருந்தார்கள்.

ஒரு கல்லூரி மாணவனைத் தனியாக அழைத்து விசாரித்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

"டீச்சர் கண்ணுல தண்ணி வந்தா நாம ஏதோ தப்பு பண்றோம்னு அர்த்தம் சார். திட்டினாக்கூடத் தாங்கிக்கலாம். அவங்க திட்டறதே இல்ல. அழுதுகிட்டே 'பரவாயில்ல, திரும்ப எடுங்க'ங்கறாங்க. அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல சார். வீட்டுக்குப் போய் நாற்காலியில உட்கார்ந்து கியர் போட்டுப் பழகினேன்."

முதலாளி ஈரமனசுக்காரர்தான். முதலில் அவருக்குப் பாவமாகத்தான் இருந்தது. பத்து நிமிடம் இருந்தது. அப்புறம் போய் டீச்சரின் காரில் ஒரு பெட்டி டிஷ்யூ பேப்பர் வாங்கி வைத்தார், நல்ல உயர்ந்த ரகமாக. ஊருக்குள் பேச்சுப் பரவியது. 'அழுகிற டீச்சர்'தான் வேண்டும் என்று கேட்டு வந்தவர்கள் ஆறு வாரம் காத்திருந்தார்கள். ஸ்கூலில் பெரிய மீசை வைத்த இன்னொரு ஆசிரியர் இருந்தார். முதலாளி அவரையும் கொஞ்சம் கண் கலங்கிப் பார்க்கச் சொன்னார். அவரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு போனார். அவரிடம் படிக்க வந்த அம்மாள் பதறிப்போய்க் காரை நேராகக் கண் ஆஸ்பத்திரி வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்.

அன்றாடம் காலையில் முதலாளி டீச்சரை ஒரு கேள்வி கேட்பார்.

"மனசு எப்படிம்மா இருக்கு?"

"பரவாயில்லண்ணே. கொஞ்சம் தேவலை."

முதலாளியின் முகம் தொங்கிப்போகும். "அவசரப்படாதம்மா. இதெல்லாம் சட்டுனு ஆறாது. எங்க மாமா ஒருத்தருக்குப் பன்னெண்டு வருஷம் ஆச்சு."

ஒருநாள் அவள் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே வண்டிக் கண்ணாடியைத் துடைத்தாள். அதைக் கேட்ட முதலாளி ஓடிவந்து, "அந்த நெட்டைத் தம்பி இப்ப எங்க வேலை பார்க்குதாம்?" என்று வேண்டுமென்றே கேட்டுவிட்டுப் போனார்.

இதில் ஒரு விஷயத்தை டீச்சர் யாரிடமும் சொல்லவில்லை. நாளுக்கு ஏழு பேர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் அழுவதைப் பார்த்தார்கள். ஏழு பேரும் 'நம்மால்தான்' என்று நினைத்துக்கொண்டார்கள். ஏன் அழுகிறாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவளுக்கு அது சௌகரியமாகவும் இருந்தது, சங்கடமாகவும் இருந்தது.

நான்காவது மாதம் நர்ஸ் வந்தாள். மனிதர்களைப் பார்க்கிற நர்ஸ் இல்லை, மிருக ஆஸ்பத்திரியில் நாய், பூனைகளுக்கு ஊசி போடுகிற நர்ஸ். முப்பதைத் தொடாத வயது, குட்டையான உருவம், ஓயாத பேச்சு. பேசும்போது இரண்டு கையையும் ஆட்டிப் பேசுவாள். ஸ்டீரிங் வீல் கையில் இருக்கும்போதும் அதே பழக்கம்தான். முதல் நாளே மூன்று முறை டீச்சர் தன் பக்கத்து பிரேக்கை மிதிக்க வேண்டியிருந்தது. நான்காவது முறை, நர்ஸே காரை ஓரங்கட்டினாள். ஓரங்கட்டினாள் என்று சொல்லக் கூடாது. ஒரு சக்கரம் நடைபாதைமேல் ஏறி நின்றது.

"டீச்சர், ஏன் அழறீங்க?"

டீச்சர் திடுக்கிட்டாள். "வண்டியைக் கீழ இறக்குங்க முதல்ல."

"இறக்கறேன். சொல்லுங்க. எங்ககிட்ட வர்ற எதுவும் எங்க வலிக்குதுன்னு சொல்லாது. நாங்களேதான் அமுக்கி அமுக்கிப் பார்க்கணும். உங்களுக்கு வாய் இருக்கே, சொன்னா என்ன?"

அந்தச் சாய்ந்த காருக்குள், சாய்ந்தபடியே உட்கார்ந்து, டீச்சர் சொன்னாள். பெயரைச் சொல்லவில்லை, தொழிலைச் சொல்லவில்லை. ஏழு வருடம், சிவப்பு விளக்கு, நாற்பது வினாடி, துணி அடுக்கிய பிரிட்ஜ், இவ்வளவுதான் சொன்னாள். நர்ஸ் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள்.

"நாப்பது செகண்டா? ஒரு பூனைக்கு நகம் வெட்டறதுக்கே நாங்க பத்து நிமிஷம் முன்னாடி தடவிக் குடுத்துப் பேசுவோம், டீச்சர். அந்த ஆளு மட்டும் என் கையில கிடைக்கட்டும். எங்க ஆஸ்பத்திரில அலையற கடுவன் பூனைக்கெல்லாம் ஒரு ஆபரேஷன் பண்ணுவோம். இருபதே நிமிஷம். அப்புறம் அது பாட்டுக்கு ஒரு மூலையில சாதுவா உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கும். குண்டாகூட ஆயிடும்."

நெட்டையன் ஒரு மூலையில் குண்டாக, சாதுவாக உட்கார்ந்திருப்பது டீச்சரின் கண்முன் வந்தது. முதலில் மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. நான்கு மாதச் சிரிப்பு. இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் கார் நடைபாதையிலிருந்து தானே கீழே இறங்கியது. கைப்பிரேக் போட மறந்திருந்தார்கள்.

அன்று மிச்சமிருந்த வகுப்பில் டீச்சர் அழவில்லை. மறுநாளும் அழவில்லை. அந்த வாரம் பக்கத்தில் உட்கார்ந்த ஏழு பேரும் 'நாம் ரொம்ப நன்றாக ஓட்டுகிறோம் போலிருக்கிறது' என்று முடிவு கட்டி, கண்டபடி ஓட்டத் தொடங்கினார்கள்.

நர்ஸின் ஆறாவது வகுப்பு. கையை ஆட்டுவது பாதியாகக் குறைந்திருந்தது. தொழிற்சாலைச் சாலையில் போய்க்கொண்டிருந்தார்கள்.

"எதுக்கு இப்ப அவசரமா கத்துக்கறே?" என்றாள் டீச்சர். அதற்குள் 'நீ' என்று ஆகியிருந்தது.

"எனக்குக் கல்யாணம் ஆகப்போகுதுக்கா. அவருக்குக் கார் ஓட்டவே வராது. உட்கார்ந்தா முழங்கால் ஸ்டீரிங்ல இடிக்குதாம். அவ்வளவு உயரம். எங்க பில்டிங் லிப்டைச் சரிபண்ண வந்தவர்தான், எங்க வாசல்ல தலையை இடிச்சுக்கிட்டாரு. நான்தான் மருந்து போட்டுவிட்டேன். நாய்க்குப் போடற மருந்து, அவருக்குச் சொல்லல."

டீச்சர் மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தாள்.

"ரொம்பப் பொறுமைக்காரர்க்கா. எதுக்கும் கோபமே வராது. நான் ஏதாவது கேட்டா, 'நிதானமா பேசுவோம்'பாரு."

டீச்சரின் கால் பிரேக்கை மிதித்த மிதியில் கார் நட்டநடுச் சாலையில் குத்திட்டு நின்றது. பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர் சுற்றிக்கொண்டு போகும்போது இருவரின் குடும்பத்தையும் விசாரித்துவிட்டுப் போனார்.

"பூனையாக்கா?" என்று நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"ஆமா, பூனை மாதிரிதான் இருந்துச்சு. எடு, போகலாம். அவரை… எத்தனை நாளாத் தெரியும்?"

"ஒண்ணரை வருஷம் ஆகுது."

நான்கு மாதத்தைக் கழித்தால் பதினான்கு மாதம். பிரிட்ஜ் வாங்கப் போனது அந்தப் பதினான்கு மாதத்துக்குள்தான். வீடு பார்த்ததும் அதற்குள்தான். ஊரிலிருந்த அத்தனை லிப்டும் ஏன் சனிக்கிழமை சாயங்காலம் பார்த்துப் பழுதாகின என்பது டீச்சருக்கு இப்போதுதான் விளங்கியது.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னாள். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

"நீ ஒண்ணும் சொல்லாதே. அவளே கட்டிக்கிட்டு அனுபவிக்கட்டும். உனக்கு வந்த வினை அவளோட போச்சு."

"அந்தப் பொண்ணு நல்ல பொண்ணும்மா."

"நல்ல பொண்ணுன்னா நல்லாத் தாங்கிக்குவா."

டீச்சர் சோபாவில் உட்கார்ந்தாள். சொல்லத்தான் வேண்டும் என்று தோன்றியது. சொல்ல வேண்டும் என்று ஏன் தோன்றுகிறது என்று தன்னையே குடைந்து பார்த்தாள். அந்தப் பெண்ணுக்கு நல்லது செய்யவா, இல்லை அவன் முகத்தில் கரி பூசவா? இரண்டும்தான். எது எத்தனை பங்கு என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. 'நீ ஏன் சொல்ல வேண்டும், அவன் உன்னைவிட அவளை விரும்பினான், அவ்வளவுதானே' என்று ஒரு குரலும் உள்ளே நமநமத்தது. அந்தக் குட்டைப் பெண்ணிடம் தன்னிடம் இல்லாதது என்ன இருக்கிறது என்றும் யோசித்தாள். யோசித்த வரையில், அவளுக்கே அந்தப் பெண்ணைப் பிடித்துத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல்.

அம்மா மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு பிரிட்ஜைத் திறந்தாள். நடுத்தட்டில் அடுக்கிவிட்டு, கதவை மூடாமல் சற்று நேரம் அப்படியே நின்றாள்.

"சொல்லிடு" என்றாள். "அவளுக்கும் ஒரு அம்மா இருப்பா. இந்நேரம் எங்கேயோ ஒரு பெரிய சாமானை வாங்கிக் கூடத்துல நிறுத்தி வெச்சிருப்பா."

மறுநாள் வகுப்பில் டீச்சர் நர்ஸை ஆள் நடமாட்டமில்லாத நேர் சாலைக்கு ஓட்டிப் போகச் சொன்னாள்.

"ஓரமா நிறுத்து. நியூட்ரல். கைப்பிரேக். இன்ஜினை அணைச்சிட்டுச் சாவியை என்கிட்ட குடு."

"தேர்வுல இப்படியெல்லாமா கேப்பாங்க?"

"இது தேர்வு இல்ல."

சொன்னாள். இந்த முறை தொழிலையும் உயரத்தையும் பெயரையும் சேர்த்துச் சொன்னாள். செல்போனில் அழிக்காமல் விட்டிருந்த ஒரே படத்தையும் காட்டினாள். பிரிட்ஜ் கடையில் எடுத்தது, இரட்டைக் கதவுக்கு மேலே அவன் தலை தெரிந்தது.

நர்ஸ் படத்தையே பார்த்தாள். அவள் பேசாமல் இருந்து டீச்சர் பார்த்ததே இல்லை. இரண்டு கையும் மடியில் கிடந்தன. தூரத்தில் ஒரு லாரி வந்து, கடந்து, மறைந்தது.

"தேதி என்ன போட்டிருக்கு?" என்று கேட்டாள் கடைசியில்.

டீச்சர் காட்டினாள்.

"அன்னிக்கு எனக்குப் பிறந்தநாள். ஒரு லிப்டுல யாரோ மாட்டிக்கிட்டாங்கன்னு சொன்னாரு. நான்கூட மாட்டிக்கிட்டவங்களுக்காகக் கவலைப்பட்டேன்." அப்புறம், "அப்ப நான்தானாக்கா அது? உங்களுக்கு நடந்ததுக்குக் காரணம்?"

"நீ இல்ல. அவன்."

"உங்களுக்கு என்மேல கோபம் வரலையா?"

"வந்துச்சு. நேத்து சாயங்காலம் ஒரு மணி நேரம். நீ ரவுண்டானா எடுக்கற லட்சணத்தை நினைச்சுப் பார்த்தேன், அதுல போயிடுச்சு."

நர்ஸ் கையை நீட்டினாள். "சாவியைக் குடுங்க."

"நான் ஓட்டறேன். நீ இந்த நிலைமையில…"

"குடுங்கக்கா. அவர் இன்னிக்கு எங்க வேலைன்னு எனக்குத் தெரியும்."

டீச்சர் கொடுத்திருக்கக் கூடாதுதான். கொடுத்தாள். அன்றைக்கு நர்ஸ் ஓட்டியதுபோல அவள் அதற்கு முன்னும் ஓட்டியதில்லை, பின்னும் ஓட்டியதில்லை. இரண்டு கையும் ஸ்டீரிங்கை விட்டு நகரவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழிய, ஒவ்வொரு திருப்பத்திலும் இண்டிகேட்டர் போட்டாள். அதைப் பார்த்த டீச்சருக்கும் நின்றுபோனது மறுபடி தொடங்கிவிட்டது. டிஷ்யூ பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டார்கள். டிரைவிங் ஸ்கூல் வாசலைக் கடக்கும்போது வெளியே நின்றிருந்த முதலாளி பார்த்தார். ஒரே காரில் இரண்டு பேரும் அழுதுகொண்டு, கார் மட்டும் நூல் பிடித்தாற்போல் போவதைப் பார்த்து, அவர் கையிலிருந்த டீயைக் குடிக்க மறந்தார்.

எட்டு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றின் வாசல். இரண்டு கார்களுக்கு நடுவே ஒரு கார் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இடம் இருந்தது. நர்ஸ் பின்பக்கமாக ஒரே திருப்பில் அதில் சொருகி நிறுத்தினாள். தேர்வில் ஆயிரத்தில் ஒருவர்தான் அப்படிச் செய்வார்கள்.

"நீங்க வர்றீங்களா?"

"நான் இங்கேயே இருக்கேன்."

நர்ஸ் உள்ளே போனாள். டீச்சர் காத்திருந்தாள். நான்கு மாதமாக அவள் இந்த நாளுக்காகப் பேச்சுகள் தயார் செய்து வைத்திருந்தாள். ஒன்று கிண்டலானது. ஒன்று ரொம்பக் கண்ணியமானது, கேட்டால் அவன் வாழ்நாள் முழுக்க வருந்தும்படியானது. ஒன்றில் வெறும் கெட்ட வார்த்தைகள். ஒவ்வொன்றாக மனதில் எடுத்துத் தூசி தட்டிப் பார்த்தாள்.

உள்ளே நடந்ததை அவள் அப்புறம் காவலாளி வாயால்தான் கேட்டாள். நெட்டையன் ஐந்தாவது மாடியில் லிப்ட் கூண்டின்மேல் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தானாம். நர்ஸ் கீழ்த்தளத்தில் திறந்திருந்த லிப்ட் வாசலில் நின்று, தலையை அண்ணாந்து, கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாளாம். அந்தச் சுவர்களுக்குள் குரல் அப்படி ஏறும் என்று கட்டடம் கட்டியவர்களுக்கே தெரியாதாம். எட்டு மாடி ஊழியர்களும் வேலையை விட்டுவிட்டு லிப்ட் வாசலுக்கு வந்துவிட்டார்களாம். மேலேயிருந்து, "நிதானமா பேசுவோம்" என்று ஒரு குரல் வந்ததாம். அதற்கு மூன்றாவது மாடியிலிருந்து வயதான ஒரு குமாஸ்தா, "தம்பி, பொண்ணு நிதானமாத்தான் கேக்குது, நீ பதில் சொல்லு" என்றாராம்.

பத்து நிமிடத்தில் நர்ஸ் விறுவிறுவென்று வந்து காரில் ஏறி பெல்ட்டை மாட்டினாள். பின்னாலேயே நெட்டையன் படியிறங்கி ஓடிவந்தான், கையெல்லாம் கிரீஸ். நர்ஸை மறிக்க நினைத்துக் காருக்குப் பின்னால் வந்து நின்றவன், பக்கத்து இருக்கையில் டீச்சரைப் பார்த்தான். எல் போர்டைப் பார்த்தான். மறுபடி டீச்சரைப் பார்த்தான். முகம் பேயறைந்தது போல் ஆயிற்று.

டீச்சர் ஜன்னலை இறக்கினாள். இதற்காகத்தானே நான்கு மாதம். கண்ணியமான பேச்சைத்தான் எடுப்பதாக இருந்தாள். நர்ஸின் கை கியருக்குப் போவதைக் கண்டாள். வாயிலிருந்து வந்தது தொழில்.

"அங்க நிக்காதீங்க. அவ ரிவர்ஸ் எடுக்கப்போறா."

நெட்டையன் துள்ளிக் குதித்தான். ஏழு வருடத்தில் அவன் அவள் சொன்ன ஒரு விஷயத்தை அவ்வளவு உடனடியாகக் கேட்டது அது ஒன்றுதான்.

மறுநாள் இரண்டு பெண்களுக்கும் அவனிடமிருந்து ஒரே செய்தி வந்தது, எழுத்துப்பிழைகூட மாறாமல். டீச்சர் பதில் போடவில்லை. நர்ஸ், மிருக ஆஸ்பத்திரி திறந்திருக்கும் நேரத்தை மட்டும் அனுப்பினாள். அதற்கப்புறம் அவனிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

எல்லாம் அந்த ஒரே நாளில் ஆறிப்போய்விட்டது என்று சொன்னால் அது பொய். டீச்சருக்கு இன்னும் சில வாரம் திடீர் திடீரென்று கண் கலங்கியது. நர்ஸ் ஒரு வாரம் வகுப்புக்கே வரவில்லை. வந்தபோது கண்கள் வீங்கியிருந்தன. கையை ஆட்டாமல், ஒரு வார்த்தை பேசாமல், ரொம்ப நன்றாக ஓட்டினாள். டீச்சருக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. "ஏதாவது பேசு, வேணும்னா இடிச்சுக்கூடத் தொலை" என்றாள். இரண்டு வாரத்தில் நர்ஸ் பழையபடி பேசத் தொடங்கினாள், முதல் தேர்வில் தோற்றாள்.

டீச்சரிடம் தேறுகிறவர்கள் பத்துக்கு ஐந்தாக இறங்கினார்கள். முதலாளி முடிவுகளை மடித்து மேஜைக்குள் போட்டார். "போகட்டும்மா" என்றார் பெருந்தன்மையாக. "உனக்கு வேற யாராவது வரன் பார்க்கட்டுமா? கொஞ்சம் முன்கோபி, கைவசம் ஒருத்தன் இருக்கான்."

ரொட்டிக்கடைக்காரர் விவகாரமும் ஒன்று பாக்கியிருந்தது. அவர் தேறி, வேன் ஓட்டி, வாராவாரம் சனிக்கிழமை டீச்சர் வீட்டுக்கு ஒரு ரொட்டி அனுப்பிக்கொண்டிருந்தார், மன்னிப்புக் கேட்பதுபோல. டீச்சர் ஒருநாள் கடைக்கே போய் உண்மையைச் சொன்னாள்.

"நான் அழுதது உங்களால இல்லைங்க. என் சொந்த விஷயம்."

அவர் முகம் மலர்ந்தது. "அப்ப நான் அன்னிக்கு நல்லாத்தான் ஓட்டினேனா?"

டீச்சருக்குப் பொய் வராது. "இல்லைங்க. படுமோசமா ஓட்டினீங்க. ஆனா அதுக்கு அழல."

அந்த வாரத்திலிருந்து ரொட்டி வரவில்லை.

நர்ஸ் இரண்டாவது தடவையில் தேறினாள். அதைக் கொண்டாட டீச்சரைத் தன் அறைக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள். மாடியில் சின்ன அறை. ஜன்னலோரம் ஒரு மேஜை, மேஜைக்கடியில் ஆஸ்பத்திரியில் யாரும் திரும்பி வந்து வாங்கிப் போகாத ஒற்றைக்கண் பூனை. முட்டையும் சோறும் ஒரு சூப்பும் செய்திருந்தாள். பேசுகிற வேகத்தில் கையை வீசித் தண்ணீர் ஜாடியைத் தட்டிவிட்டாள். இருவரும் மண்டியிட்டுத் தரையைத் துடைத்தார்கள். பூனை நனைந்த காலை உதறிக்கொண்டே கட்டிலில் ஏறி அங்கேயும் ஈரமாக்கியது.

சாயங்காலம் டீச்சர் வீடு திரும்பியபோது அம்மா கதவைத் திறந்துவிட்டு, கூர்ந்து மகளின் கண்ணைப் பார்த்தாள்.

"மூணு மணி நேரமா அவனைப் பத்தி என்ன பேசினீங்க ரெண்டு பேரும்?"

டீச்சர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவள், ஒரு செருப்போடு அப்படியே நின்றாள். யோசித்துப் பார்த்தாள். சாப்பிட்டதை நினைத்துப் பார்த்தாள், தரை துடைத்ததை நினைத்துப் பார்த்தாள், மாடிப்படியில் நின்று பேசிய அரைமணி நேரத்தையும் நினைத்துப் பார்த்தாள்.

"பேசலம்மா" என்றாள். அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "பூனைக்கு மாத்திரை எப்படிக் குடுக்கறதுன்னு சொல்லிக்கிட்டிருந்தா."

"எப்படியாம்?"

டீச்சர் மற்றொரு செருப்பையும் கழற்றிவிட்டு, அம்மாவின் தாடையைப் பிடித்து, எப்படி என்று செய்து காட்டினாள்.